அவசரப்படாமல் புளூ பிரின்ஸ் விளையாடுவது எப்படி

புளூ பிரின்ஸ் என்ற கணினி விளையாட்டை முதன்முதலாகத் திறந்த இரவு ஒன்பது நாள் விளையாடினேன். விளையாட்டுக்குள் வரும் நாள்தான். ஒன்பதிலும் தோற்று, விடியப்புறம் மூன்று மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு, இது முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடுகிற சாமான், மூளைக்கு இதில் வேலையே இல்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் படுத்தேன். தீர்ப்புப் பிழை. கார்ப் பந்தயம் ஓடுகிற மாதிரி இதை விளையாடினால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். இப்போது கிளிநொச்சிப் பக்கம் எனக்குத் தெரிந்த நாலைந்து பேர் இதைத் தொடங்கிவிட்டு அதே ஒன்பதாம் நாளில் அதே முகத்தோடு வந்து நிற்கிறார்கள், ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் எழுதி வைக்கிறேன். புதிர்களின் விடை எதையும் இங்கே சொல்லப்போவதில்லை, எப்படி உட்கார்ந்து விளையாடுவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான். சைமன் என்ற பெடியனுக்கு அவனுடைய பாட்டன் முறையான ஹெர்பர்ட் சின்கிளேர் மவுண்ட் ஹோலி என்ற பெரிய மாளிகையை எழுதி வைத்துவிட்டு இறந்துபோகிறார். ஒரு நிபந்தனை உண்டு: 45 அறையுள்ள அந்த வீட்டில் 46ஆவது அறையைக் கண்டுபிடித்தால்தான் வீடு அவனுக்கு. அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு ஒன்பது, ஆக 45 கட்டம். கீழ் வரிசையின் நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள், மேல் வரிசையின் நடுவில் நீங்கள் போய்ச் சேரவேண்டிய முன்கூடம் இருக்கிறது, இடையில் வெறும் கட்டம்தான். ஒரு கதவில் கை வைத்தால் மூன்று பிளான் காட்டும், ஒன்றைத் தெரிவுசெய்தால் கதவுக்கு அப்பால் அந்த அறை முளைக்கும். ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும் ஒரு காலடி குறையும், காலையில் கையில் இருப்பது 50 காலடி. அது முடிந்தால் நாள் முடிந்தது, மறுநாள் நீங்கள் கட்டின வீடு முழுவதும் அழிந்து மறுபடி வெறும் கட்டம். பெயரும் ஒரு சிலேடைதான், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வீட்டு வரைபடத்துக்கான ஆங்கிலச் சொல் காதில் விழும்.

டோகுபாம் என்ற ஸ்டூடியோவில் டோண்டா ராஸ் என்பவர் ஏறக்குறைய எட்டு ஆண்டு இருந்து செய்தது, 2025 ஏப்ரல் 10 வெளிவந்தது. 1980இல் வந்த ரோக் என்ற பழைய விளையாட்டின் வழியில், தோற்றால் முதலிலிருந்து தொடங்கவேண்டும், ஒவ்வொரு தடவையும் இடம் மாறியிருக்கும் என்கிற வகையைத்தான் ரோக்லைக் என்கிறார்கள், இதுவும் அந்த வகைதான். அந்த வகையில் பெரும்பாலானவை வாளும் பேயும் வெட்டுக்குத்துமாக இருக்கும். இதில் ஒரு எதிரிகூட இல்லை, நேரம் முடிந்தது என்று துரத்துகிற மணிக்கூடும் இல்லை. ஒரு அறையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்து முடிக்கலாம், ஒரு காலடியும் குறையாது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அந்த ஒன்பது நாளும் போனது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த விளையாட்டில் வேறொரு சிரிப்பும் இருக்கிறது. சண்டை முடிந்தபிறகு வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாயைக் கட்டம் கட்டமாக வாங்கி, அத்திவாரம் போட்டால் அடுத்த காசு, சுவர் எழும்பினால் அடுத்த காசு என்று வீடு கட்டினவர்கள் நாங்கள். பக்கத்து வளவிலும் அதே பிளான், அதற்குப் பக்கத்திலும் அதே பிளான். மூன்று பிளானைக் காட்டி எது வேண்டும் என்று ஒரு விளையாட்டுக் கேட்டபோது, பின்னால் நின்று பார்த்த அம்மா, “எங்களுக்கு உப்பிடி ஒருத்தரும் கேக்கேல்லை” என்றா.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

தொடங்க முதல் மூன்று ஏற்பாடு வேண்டும். டவுன்லோட் பெரியது, இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள், பகல் டேட்டாவைத் தின்னவிடாதீர்கள். அடுத்தது கரண்ட். நான் விளையாடிய காலத்தில் நாளின் நடுவில் சேவ் பண்ண வழி இருக்கவில்லை, நாள் முடிந்தால்தான் சேவ் ஆகும். என் லேப்டாப் பற்றரி இருபது நிமிடத்துக்குமேல் தாங்காது, ஒரு மழை இரவில் எட்டாம் வரிசை வரைக்கும் போய் நின்றபோது கரண்ட் போனது, நான் போனில் லைட்டைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் லேப்டாப்பும் போனது, ஒன்றரை மணித்தியாலத்து வீடு அப்படியே தண்ணியில். அதனால் கரண்ட் போனவுடன் முதல் வேலை லேப்டாப்பை ஸ்லீப்பில் போடுவது, பிறகுதான் மெழுகுதிரி. மாரியில் இடி கேட்டால் புது நாள் தொடங்கவே வேண்டாம்.

மூன்றாவது கொப்பி. இதைத்தான் எல்லோரும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள், சதுரக்கோடு போட்டதென்றால் இன்னும் நல்லது, ஐந்துக்கு ஒன்பது கட்டத்தை அதில் அப்படியே கீறலாம். போனில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். எடுங்கள், கடிதங்களையும் நீளமான எழுத்துகளையும் படமாக எடுப்பதுதான் வசதி. ஆனால் போனில் கிடக்கிற நூறு படத்தை எவரும் திரும்பப் பார்ப்பதில்லை, கையால் எழுதினதுதான் மண்டையில் நிற்கும். நான் ஒவ்வொரு அறைக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்: அறைக்கு என்ன விலை, எத்தனை கதவு, உள்ளே என்ன கிடைத்தது, என்ன விளங்கவில்லை. கடைசிக் கேள்விக்குத்தான் கூட இடம் விட வேண்டும்.

இனி விளையாடுகிற முறை. ஒவ்வொரு நாளும் தொடங்க முதல் கொப்பியில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். “இன்றைக்கு 46ஆம் அறை” என்று எழுதாதீர்கள், அது கேள்வியே இல்லை. “கொதிகலன் அறையில் இருக்கிற அந்தக் குழாய் எதற்கு?”, “மேற்குப் பக்கம் முழுவதும் நிரப்பினால் என்ன நடக்கும்?”, “வாசலுக்கு வெளியே போய் வளவைச் சுற்றிப் பார்த்தால் என்ன இருக்கும்?” இப்படி. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், இரண்டாம் வரிசையோடு வழி அடைபட்டுப்போனாலும் அது வென்ற நாள். நீங்கள் கேட்ட அறை அன்றைக்கு வரவே இல்லையென்றால் வந்த அறையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். எனக்கு இந்த விளையாட்டுப் பிடித்துப்போனதே இந்தப் பழக்கம் வந்தபிறகுதான், அதற்கு முன்னால் வெறும் எரிச்சல்.

காலடிக் கணக்கை எங்கள் ஆட்களுக்குப் புரியவைப்பது சுகம். சிறுபோகத்துக்கு இரணைமடுவில் என்ன செய்வார்கள்? குளத்தில் எத்தனை அடி தண்ணி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். விதைத்துவிட்டுத் தண்ணி தேடுவதில்லை. இங்கேயும் அப்படித்தான். 50 காலடியில் மேலே போய்ச் சேர நேர்வழி என்றால் எட்டு, அது மிகக் குறைவாகத் தெரியும், அதனால்தான் ஆட்கள் ஊதாரித்தனமாக நடக்கிறார்கள். திரும்பி வருவதும் காலடிதான் என்பது முப்பது போனபிறகுதான் உறைக்கும். ஏதோ ஒரு அறையில் விட்டுவிட்டு வந்த திறப்பை எடுக்க ஆறு அறை கீழே போய் ஆறு அறை மேலே வந்தால் பன்னிரண்டு போச்சு. எனவே ஒரு அறையை விட்டு வெளிக்கிட முதல் அதில் எடுக்கவேண்டியதை எல்லாம் எடுத்துவிடுங்கள், மேசைக்குப் பின்னால் பாருங்கள், அப்பிள் வாழைப்பழம் கிடந்தால் விடாதீர்கள், சாப்பிட்டால் காலடி கூடும். படுக்கையறை வகையைச் சேர்ந்த அறைகளும் காலடி தரும், விருந்தாளிக்கான படுக்கையறை ஒன்றே பத்துத் தரும். அது நாளின் தொடக்கத்தில் வந்தால் நான் யோசிக்காமலே போடுவேன்.

அப்புறம், வடக்குப் பக்கம், அதாவது மேல் வரிசையை நோக்கி, ஓடாதீர்கள். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகிற வாகனம் குறைவு, இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டுதான் மற்றப் பயணம். இந்த வீட்டின் முதல் இரண்டு மூன்று வரிசையும் உங்களுக்கு முறிகண்டி. காரணம் பக்தி மட்டுமல்ல. மேலே போகப்போகப் பூட்டின கதவு கூடிக்கொண்டே போகும், திறப்பில்லாமல் ஆறாம் வரிசையில் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் என் கொப்பியில் வரிசையாக இருக்கின்றன. அதைவிட, மேலே முன்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் அந்தக் கதவு கையிலுள்ள சாதாரணத் திறப்புக்குத் திறக்காது, வீட்டில் வேறெங்கோ ஒரு வேலை பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். என்ன வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் வெறுங்கையோடு ஓடிப்போவதில் பிரயோசனமில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், எனக்கு அதையும் எவரும் சொல்லவில்லை.

கீழ் வரிசைகளை நிரப்புவதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது, இதை நான் மிகவும் பிந்தித்தான் கண்டேன். பெரும்பாலான அறைகள் ஒரு நாளில் ஒருமுறைதான் வரும். போட்டுவிட்டால் அன்றைக்கு அது தெரிவுகளிலிருந்து போய்விட்டது, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டை மேசையில் போட்டுவிட்ட மாதிரி. அப்படியென்றால் வேறு கதவே இல்லாத முட்டுச்சந்து அறைகளைக் கீழேயே மூலைகளிலும் ஓரங்களிலும் போட்டுத் தொலைத்துவிட்டால், எட்டாம் வரிசையில் ஒரே ஒரு கதவு மிஞ்சி நெஞ்சு படபடக்கிற நேரத்தில் அதே அறை வந்து மூஞ்சியில் அடிக்காது. களஞ்சியம், அலுமாரி அறை போன்ற முட்டுச்சந்துகள் சாமானும் தரும், ஆகவே மூலையில் அவை நட்டமில்லை. மூன்று நான்கு கதவுள்ள நல்ல அறைகளை நடு நிரலுக்கு வைத்திருங்கள். ஆறு கதவு கண்முன்னே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு எல்லாவற்றையும் ஒரே பக்கம் திறக்கவும் வேண்டாம், இடதில் இரண்டு, வலதில் இரண்டு என்று வழி உயிரோடு இருக்கவேண்டும்.

வீட்டுக்குள் கிடைக்கிற திறப்பு, கல் (இரத்தினக்கல்), காசு மூன்றில் எது முக்கியம் என்று கேட்டால், நாளின் தொடக்கத்தில் கல், பிற்பாதியில் திறப்பு. நல்ல அறைகள் பலவற்றுக்குக் கல்லுத்தான் விலை. கல் இல்லாமல் நின்றால் மூன்று பிளான் காட்டினாலும் இரண்டைத் தொட முடியாது, பிறகு என்ன தெரிவு? காசு கடை அறை வந்தால் மட்டும்தான் பெறுமதி, வராவிட்டால் பையில் கிடந்து கிலுங்கும். ஆனாலும் இருபது முப்பது காசு சேர்ந்துவிட்டால் மஞ்சள் நிறக் கடை அறை எதையும் தவறவிடாதீர்கள், திறப்பு வாங்கலாம், சாப்பாடு வாங்கலாம். சிவப்பு அறைகள் தீமை செய்பவை. தேவாலயத்துக்குள் நுழைகிற ஒவ்வொரு தடவையும் ஒரு காசு பறிபோகும், பாரம் தூக்குகிற அறை இருக்கிற காலடியில் பாதியைக் கொண்டுபோய்விடும். அதுக்காகச் சிவப்பைக் கண்டவுடன் ஓடத்தேவையில்லை. காசே இல்லாதவனிடம் தேவாலயம் எதைப் பறிக்கப்போகிறது?

இனிப் புதிர்கள். பார்லர் என்ற அறை முதல் நாட்களிலேயே வரும், விடை கண்டால் கல் கிடைக்கும் என்பதால் எப்போதும் போடத் தகுந்தது. நீலம், வெள்ளை, கறுப்பு என மூன்று பெட்டி, ஒன்றில் மட்டும் பரிசு. ஒரு பெட்டியாவது உண்மை மட்டும் சொல்லும், ஒரு பெட்டியாவது பொய் மட்டும் சொல்லும். திறக்க ஒரு திறப்புத்தான், பிழைவிட்டால் அவ்வளவுதான். நான் மூன்றையும் மாறி மாறி வாசித்து, ஒரு உள்ளுணர்வில் திறந்து, நாலு தடவை பிழைவிட்டேன். தங்கச்சி உயர்தரத்தில் கணிதம் படிக்கிறா, பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, “அண்ணா, நீங்கள் பெட்டி உண்மை சொல்லுதா பொய் சொல்லுதா எண்டு யோசிக்கிறீங்கள். அதை விடுங்கோ. கல்லு எங்க இருக்கலாம் எண்டு மூண்டு தரம் வச்சுப் பாருங்கோ” என்றா. அது போதும், முழு அறைக்கும் அதுதான் முறை.

ஒரு உதாரணம், இது நானே கட்டினது, விளையாட்டில் வருவதல்ல. நீலப்பெட்டி சொல்கிறது: “கல் இந்தப் பெட்டியில் இல்லை.” வெள்ளை: “கல் கறுப்புப் பெட்டியில் இருக்கிறது.” கறுப்பு: “கல் இந்தப் பெட்டியில் இருக்கிறது.” கல் கறுப்பில் என்று வையுங்கள், மூன்றும் உண்மையாகிவிடும், பொய் சொல்கிற பெட்டியே இல்லை, ஆகவே அது சரிவராது. நீலத்தில் என்று வையுங்கள், மூன்றும் பொய், அதுவும் சரிவராது. மிஞ்சுவது வெள்ளை: நீலம் உண்மை, மற்ற இரண்டும் பொய், விதிக்குப் பொருந்துகிறது. கல் வெள்ளையில்தான். பாருங்கள், வெள்ளைப்பெட்டி பொய்யைச் சொல்லிக்கொண்டு கல்லை மடியில் வைத்திருக்கிறது. நாட்கள் போகப்போகப் பெட்டிகளில் வசனம் கூடும், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று வரும், ஆனால் இந்த மூன்று தடவை வைத்துப் பார்க்கிற வேலை மாறாது. பில்லியட் அறையில் டார்ட் (கையால் எறிகிற சிற்றம்பு) பலகைக் கணக்கு ஒன்று இருக்கிறது, அது வெறும் கூட்டல் கழித்தல் வகைதான், நிறம் எதைக் குறிக்கிறது என்று நீங்களே பிடியுங்கள், முதல் இரண்டு மூன்று பலகையும் அதைச் சொல்லித்தருவதற்காகவே சுகமாக வைத்திருக்கிறார்கள்.

பெரிய புதிர்கள் இப்படி அறிவிப்புப் பலகையோடு வருவதில்லை. அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோனதுதான் பிறகு புதிராக எழும்பி நிற்கும். சுவரில் தொங்குகிற படங்கள், கடிதத்தில் அடிக்கோடிட்ட சொல், ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் பொதுவான சாமான், எல்லாவற்றையும் “இது ஏன் இங்கே?” என்று கேட்டு எழுதி வையுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி கையில் கிடைத்த நாளில் மேலே போகிற எண்ணத்தையே விட்டுவிட்டு வாசிக்கத்தான் அந்த நாள். ஒரு கஷ்டம் சொல்லவேண்டும். நான் விளையாடியது முழுக்க ஆங்கிலம், வெறும் ஆங்கிலம் அல்ல, சொல்லை உடைத்துப் பார்க்கிற, எழுத்தை எண்ணுகிற ஆங்கிலம். பாதி விளங்கினால் போதும் என்று ஓட்டமுடியாது. எனக்கு இங்கேதான் அதிகம் இழுத்தது. ஆங்கிலம் படிப்பிக்கிற ஒரு மச்சாளை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிவந்து உட்காரவைத்தேன், வந்தவ பிறகு தானாகவே வரத் தொடங்கினா, இப்போது மவுஸ் அவவிடம், கொப்பி என்னிடம். உண்மையில் இதை இரண்டு பேராக விளையாடுவதுதான் சரி, ஒருவர் நடக்க ஒருவர் எழுத. ஆட்டம் ஒருவருக்கானது என்றாலும் கதிரை இரண்டு போடுங்கள்.

குறையும் இருக்கிறது, மறைக்கவேண்டியதில்லை. முப்பதாம் நாள் அளவில் என்ன செய்யவேண்டும் என்று திட்டமாகத் தெரிந்துவிடும், இந்த அறையும் அந்த அறையும் ஒரே நாளில் வந்தால் போதும், ஆனால் வராது. நாலு நாள், ஐந்து நாள் வராது. அந்தக் காத்திருப்பை நான் ரசித்தேன் என்று சொன்னால் பொய். நடையும் மெதுவு, பார்த்த காட்சியையே திரும்பத் திரும்பக் காட்டும். அதற்கு என்னிடம் இருக்கிற மருந்து, எப்போதும் மூன்று நான்கு கேள்வியைக் கொப்பியில் திறந்து வைத்திருப்பது. ஒன்றுக்கு அறை வராவிட்டால் மற்றொன்றுக்கு வரும். ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்தான் இடையில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

எல்லாமே இரவில் அழிந்துபோவதுமில்லை. கையிலுள்ள சாமான் போய்விடும், ஆனால் சில கதவுகளும் வளவுக்கு வெளியே சில வழிகளும் ஒருமுறை திறந்தால் திறந்ததுதான், அடுத்த நாள் காலையிலேயே அதன் பலன் தெரியும். தெரிவு வந்தால் அன்றைய வெற்றியை விட்டுவிட்டு நிரந்தரமாகத் திறப்பதன் பின்னால் போங்கள். கோட் வைக்கிற அறை ஒன்று வரும், அதில் ஒரு சாமானை ஒப்படைத்துவிட்டு வேறொரு நாள் அதே அறை வரும்போது எடுக்கலாம். நல்ல சாமான் கையிலிருந்து, நாள் உருப்படாது என்று தெரிந்துவிட்டால் அங்கே வைத்துவிடுங்கள். நான் எதை வைத்தேன் என்று மறந்து, மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஒரு மண்வெட்டி.

யூடியூப்பில் விடை பார்க்கலாமா? 46ஆம் அறை வரைக்கும் வேண்டாம். ஒரே புதிரில் இரண்டு கிழமை நின்றால், விளையாடி முடித்த ஒருவரிடம், “நான் தேவையானதைக் கண்டுவிட்டேனா, இன்னும் காணவில்லையா?” என்று மட்டும் கேளுங்கள். ஓம் அல்லது இல்லை, அதற்குமேல் அவரைப் பேசவிடாதீர்கள்.

நான் 46ஆம் அறைக்குள் போனது 41ஆம் நாள். போன பிறகு தெரிந்தது, விளையாட்டு அங்கே முடியவில்லை, கேள்விகள்தான் பெரிதாகியிருக்கின்றன. மச்சாள் இரண்டாவது சீ.ஆர். கொப்பி வாங்கிவந்து மேலட்டையில் தன் பெயரை எழுதிவிட்டா. முதல் கொப்பியின் மூன்றாம் பக்கத்தில், இரண்டாம் நாள் நான் கிறுக்கின ஒரு கேள்வி இன்னும் அடிபடாமல் கிடக்கிறது, இந்த ஞாயிறு அதற்குத்தான்.